பிறந்த நாளன்றே பெட்டையை அறிதல்: நிறத்தால் பால் காட்டும் கோழிக் கலப்பு

முட்டையை உடைத்துக்கொண்டு வெளிவரும் நாளில் சேவற் குஞ்சும் பெட்டைக் குஞ்சும் பெரும்பாலான இனங்களில் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். கனத்த உடலுடைய இனங்களில் கொண்டையும் தாடியும் வளர்ந்து வேற்றுமை தெளிவாகப் புலப்படுவதற்கு ஏறக்குறைய ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகின்றன. முட்டைக்கென்று பத்துக் குஞ்சுகளை விலை கொடுத்து வாங்கும் ஓர் ஏழைக் குடும்பத்துக்கு இது சிறிய சங்கதியன்று. பொரிக்கும் குஞ்சுகளில் சுமார் பாதி சேவலாக அமைவது இயற்கை. அவற்றுக்கு இட்ட தீவனம் முட்டையாகத் திரும்பி வருவதில்லை. முதல் முயற்சியிலேயே இவ்வாறு நஷ்டமடைந்தவர் மறுமுறை குஞ்சு வாங்க முன்வருவது அரிது.

குஞ்சின் எச்சத்துவாரத்தை விரித்து நோக்கிப் பாலை அறியும் முறையை மசூயி, ஹாஷிமோட்டோ முதலிய ஜப்பானிய அறிஞர்கள் 1920-களில் வெளியிட்டனர். பெரிய பொரிப்பகங்களில் இன்றும் அது கையாளப்படுகிறது. ஆயினும் அதற்கு நீண்ட பயிற்சியும் கூர்மையான பார்வையும் வேண்டும். பழக்கமில்லாத கை பட்டால் குஞ்சுக்குக் காயம் நேரும். பயிற்சியோ கருவியோ இன்றி, குஞ்சின் தூவி நிறத்தைக் கண்ட மாத்திரத்தில் பாலை அறிவதற்கு வேறொரு வழி உண்டு. அதற்கு வேண்டுவது தாயும் தந்தையும் எவ்வினத்தைச் சேர்ந்தவை என்ற திட்டமான அறிவே. அவ்வழியை ஈண்டு விளக்குவோம்.

முறை தோன்றிய வரலாறு

கோழிகளில் சில நிறப் பண்புகள் பாலோடு பிணைந்து வருகின்றன என்பது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆராய்ச்சியாளர்களுக்குத் தெரிந்திருந்தது. 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போரின்போது பிரிட்டனில் உணவுப் பொருள்களுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பன்னெட் என்பார், இப்பண்பைப் பயன்படுத்திச் சேவற் குஞ்சுகளை முதல் நாளிலேயே பிரித்துவிட்டால் தீவனம் மிச்சப்படும் என்று எடுத்துக் காட்டினார். ஆராய்ச்சிக் கூடத்தில் கண்ட உண்மை இவ்வாறு பண்ணைக்கு வந்து சேர்ந்தது.

பண்பு இறங்கும் வழி

மனிதரில் ஆணே இருவேறு பால் குரோமோசோம்களை உடையவன். பறவைகளில் இது தலைகீழாக அமைந்துள்ளது. சேவலுக்கு ஒரே வகையான 'இஸட்' குரோமோசோம்கள் இரண்டு உண்டு. பெட்டைக்கு ஓர் 'இஸட்', ஒரு 'டபிள்யூ' ஆக இரண்டு உண்டு. ஆகவே தாய்க்கோழி தன் 'இஸட்' குரோமோசோமை மகனுக்கு மட்டுமே அளிக்கிறது. மகள் பெறும் 'இஸட்' எப்பொழுதும் தந்தையிடமிருந்து வந்ததே.

வெள்ளி நிறம், தங்க நிறம் என்ற இரண்டையும் நிருணயிக்கும் மரபணு இந்த 'இஸட்' குரோமோசோமில் உள்ளது. வெள்ளி ஓங்கு பண்பு. தங்கம் ஒடுங்கு பண்பு. இரண்டும் ஒரே குஞ்சில் சேர்ந்தால் வெள்ளியே வெளிப்படும். 'டபிள்யூ' குரோமோசோமில் இம்மரபணு இல்லை.

இதை ஆசிரியர்கள் வகுப்பறையில் விதைகளைக் கொண்டு எளிதாகக் காட்டலாம். புளியங்கொட்டை தங்க நிறத்தையும், வெள்ளை மொச்சை வெள்ளி நிறத்தையும், சிறு கூழாங்கல் நிறமற்ற 'டபிள்யூ'வையும் குறிப்பதாகக் கொள்க. தந்தையின் கிண்ணத்தில் இரண்டு புளியங்கொட்டைகளையும், தாயின் கிண்ணத்தில் ஒரு மொச்சையையும் ஒரு கூழாங்கல்லையும் இடுக. மாணவர் ஒவ்வொருவரும் கிண்ணத்துக்கு ஒன்றாக எடுத்து இணைத்துப் பார்க்கட்டும். புளியங்கொட்டையும் மொச்சையும் சேர்ந்தால் அது வெள்ளி நிறச் சேவல். புளியங்கொட்டையும் கல்லும் சேர்ந்தால் அது தங்க நிறப் பெட்டை. எத்தனை முறை எடுத்தாலும் இவ்விரண்டைத் தவிர வேறொன்று வாராது.

பின்னர்க் கிண்ணங்களை மாற்றி அமைக்க. தந்தைக்கு இரண்டு மொச்சைகள். தாய்க்கு ஒரு புளியங்கொட்டையும் ஒரு கல்லும். இப்பொழுது பிறக்கும் குஞ்சு ஒவ்வொன்றிலும் மொச்சை இருப்பதைக் காணலாம். சேவலும் பெட்டையும் யாவும் வெள்ளி நிறமே. நிறத்தால் பாலை அறிய முடியாது. அதே இரு இனங்கள்தாம். தந்தை எது, தாய் எது என்பது மாறியதால் முறையே பயனற்றுப் போயிற்று. களப்பணியாளர் முதன்மையாக மனத்திற் கொள்ளவேண்டியது இதுவே: ஒடுங்கு பண்பு தந்தையிடத்தும், ஓங்கு பண்பு தாயிடத்தும் இருத்தல் வேண்டும்.

இரண்டு பயனுள்ள கலப்புகள்

முதலாவது, ரோடு ஐலண்டு ரெட் சேவலை லைட் ஸஸ்ஸெக்ஸ் பெட்டையோடு சேர்ப்பது. முன்னது ஆழ்ந்த செந்நிறம் உடையது. பின்னது வெண்மையான உடலும், கழுத்திலும் வாலிலும் கருமையும் கொண்டது. இவற்றின் குஞ்சுகளில் வெளிர் மஞ்சளாக இருப்பவை சேவல்கள். செம்பழுப்பாக இருப்பவை பெட்டைகள்.

இரண்டாவது, அதே ரோடு ஐலண்டு ரெட் சேவலை வரி இறகுடைய பிளிமத் ராக் பெட்டையோடு சேர்ப்பது. இறகில் குறுக்கு வரிகளை உண்டாக்கும் மரபணுவும் 'இஸட்' குரோமோசோமில் அமைந்த ஓங்கு பண்பாகும். இக்கலப்பில் எல்லாக் குஞ்சுகளும் கரிய தூவியுடனேயே பிறக்கும். உச்சந்தலையில் வெண்பொட்டு உள்ளவை சேவல்கள். பொட்டு இல்லாதவை பெட்டைகள். வளர்ந்தபின் சேவல்கள் வரி இறகுடனும், பெட்டைகள் வரியின்றிக் கறுப்பாகவும் காணப்படும்.

இம்முறை எல்லா இனங்களுக்கும் பொருந்தாது. ஒயிட் லெக்ஹார்ன் இனத்தில் பிற நிறங்களை மறைக்கும் ஓங்கிய வெண்மை உண்டாதலால் தூவி நிறம் பாலைக் காட்டாது. இத்தகைய வெள்ளை இனங்களில் இறகு வளரும் வேகத்தைத் துணைக்கொள்வர். விரைவில் இறகு முளைக்கும் சேவலை மெதுவாக முளைக்கும் பெட்டையோடு சேர்த்தால், பெட்டைக் குஞ்சின் சிறகில் முதன்மை இறகுகள் அவற்றை மூடும் இறகுகளைவிடத் தெளிவாக நீண்டிருக்கும். சேவற் குஞ்சில் அவை சமமாகவோ குட்டையாகவோ இருக்கும். இதையும் பொரித்த ஓரிரு நாளுக்குள் பார்த்துவிட வேண்டும்.

களத்தில் கவனிக்க வேண்டியவை

1. பெட்டைகள் முன்பு வேறு சேவலோடு இருந்திருந்தால், அச்சேவலை நீக்கி மூன்று வாரங்கள் கழித்தே பொரிப்பதற்குரிய முட்டைகளைச் சேகரிக்க வேண்டும். சேவலின் விந்து பெட்டையின் உடலில் இரண்டு வாரமும் அதற்கு மேலும் உயிருடன் தங்கக்கூடும்.

2. தாய், தந்தை இரண்டும் தூய இனமாக இருத்தல் அவசியம். ஊர்க் கோழிகளில் பல நிறப் பண்புகள் கலந்து கிடக்கின்றன. இறகில் கோடுகள் தென்படும் கோழி யாவும் பிளிமத் ராக்கின் வரி மரபணுவை உடையது என்று கருதலாகாது. வேறு மரபணுக்களாலும் கோடுகள் தோன்றும்.

3. குஞ்சுகள் நன்றாக உலர்ந்தபின், பகல் வெளிச்சத்தில் பார்த்துப் பிரிக்க வேண்டும்.

4. இக்கலப்பில் பிறந்த சேவலையும் பெட்டையையும் மீண்டும் இணைத்தால், அடுத்த தலைமுறையில் இரு நிறங்களும் இரு பாலிலும் கலந்து வரும். எனவே நிறம் பார்த்து வாங்கிய குஞ்சுகளை முட்டைக்காக வளர்க்கலாமேயன்றி, அவற்றிலிருந்து அதே முறையில் குஞ்சு எடுக்க இயலாது என்பதை வாங்குவோர்க்கு முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு முறையும் தூய பெற்றோரையே நாடவேண்டியுள்ளது.

இக்குறையை நீக்கும் பொருட்டுப் பன்னெட், மைக்கேல் பீஸ் என்னும் இருவரும் 1929-இல் 'கேம்பார்' என்ற இனத்தைத் தோற்றுவித்தனர். இதில் வரி மரபணு சேவலுக்கு இரண்டும் பெட்டைக்கு ஒன்றும் இருப்பதால், சேவற் குஞ்சின் தூவி மேலும் வெளிறியிருக்கும். தன் இனத்துக்குள்ளேயே பெருகினாலும் தலைமுறைதோறும் இவ்வேற்றுமை நீங்காது. பின்னர் வந்த 'லெக்பார்' இனமும் இதே அடிப்படையில் அமைந்தது.

சேவற் குஞ்சுகளின் நிலை

பாலை முதல் நாளிலேயே அறிவதால் மற்றொரு கேள்வியும் எழுகிறது. முட்டையினப் பொரிப்பகங்களில் பிரித்தெடுத்த சேவற் குஞ்சுகள் பெரும்பாலும் அன்றே கொல்லப்படுகின்றன. ஜெர்மனி இவ்வழக்கத்தை 2022 ஜனவரி முதல் சட்டத்தால் தடுத்துவிட்டது. அங்கு முட்டைக்குள்ளேயே பாலை அறியும் கருவிகள் பயன்படுகின்றன. அவற்றுள் ஒருவகை, பழுப்புக் கோழிகளின் முட்டையை அடைவைத்த பதின்மூன்றாம் நாளளவில் அதனுள் ஒளியைச் செலுத்தி, கருவின் இறகு நிறத்தைக் கண்டறிகிறது. அக்கருவி நம்பியிருப்பதும் மேலே கூறிய தங்கம், வெள்ளி விதியையே.

சிறு அளவில் குஞ்சு பொரிப்போர்க்கு அத்தகைய கருவி எட்டாதது. எனினும், கனத்த இனக் கலப்பில் பிறந்த சேவல்கள் இறைச்சிக்கு வளர்க்க ஏற்றவை. அவற்றைத் தனியே பிரித்து, அவ்வாறு வளர்க்க விரும்புவோர்க்கு விவரம் கூறி விற்கலாம். பெட்டைகளை முட்டைக்கென விரும்புவோர் பெறுவர். தாம் வாங்குவது இன்னது என்று இருவரும் அறிந்தே பணம் கொடுப்பர். ஒவ்வொரு தொகுதிக் குஞ்சுக்கும் தந்தை இனம், தாய் இனம், பொரித்த நாள், பிரித்த எண்ணிக்கை ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதிவைத்து, ஆறு வாரங்களுக்குப்பின் சென்று கணிப்பு சரிதானா என்று பணியாளர் ஒப்புநோக்குவாராக. பிழை மிகுந்திருப்பின், முதலில் ஐயுறவேண்டியது பெற்றோரின் தூய்மையையே.