வினைப்பிடியும் விழிப்பும்: திருநீலகண்டப் பதிகமும் ஞானவாத மரபும்

முன்னுரை

மனிதன் தன் உண்மை இயல்பை மறந்து, புலப்படாத ஆற்றல்களின் பிடியில் வாழ்கிறான். அறிவு பிறக்கும்போது விழித்தெழுகிறான் என்னும் கருத்து பல சமயங்களில் உண்டு. கி.பி. 2ஆம் நூற்றாண்டளவில் மத்தியதரைக்கடல் நாடுகளில் பரவிய, நாஸ்டிக் எனப்படும் ஞானவாத மரபு இக்கருத்தையே மையமாகக் கொண்டது. 'ஞானம்' என்னும் வடசொல்லும் 'நோசிஸ்' என்னும் கிரேக்கச் சொல்லும் ஒரே வேரினின்று கிளைத்தவை. இவ்வொற்றுமை கொண்டு அம்மரபையும் தமிழ்ச் சைவத்தையும் ஒன்றெனக் கொள்ளலாமா என்பதைத் திருச்செங்கோட்டுத் திருநீலகண்டப் பதிகத்தின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

ஞானவாதம் காட்டும் சிறை

1945இல் எகிப்தின் நாக் ஹம்மாதியில் கிடைத்த காப்டிக் மொழிச் சுவடிகள் இம்மரபின் முதன்மைச் சான்றுகளாகும். அவற்றுள் ஒன்றான யோவானின் மறைநூல், உலகைப் படைத்தவன் பரம்பொருள் அல்லன், அறியாமை மிக்க யால்தபோத் என்னும் கீழ்நிலைப் படைப்பாளனே என்கிறது. அவனும் அவனுக்குட்பட்ட ஆட்சியரும் மனிதனை உடலிலும் மறதியிலும் அடைத்துவைக்கின்றனர். எனவே இங்கு மறைத்தல் பகைவரின் செயல், உலகம் சிறை, தன் மூலத்தை அறிதலே விடுதலை.

செங்குன்றூரில் எழுந்த மறுப்பு

இன்று நாமக்கல் மாவட்டத்திலுள்ள திருச்செங்கோடு, தேவாரத்தில் கொடிமாடச் செங்குன்றூர் எனப்படுகிறது. ஞானசம்பந்தர் அங்குத் தங்கியிருந்தபோது பனிக்காலத்தில் அடியார்களைச் சுரநோய் பற்றியதாகப் பெரியபுராணம் கூறுகிறது. நோய் அந்நிலத்தின் இயல்பே எனினும் அது அடியார்களை அணுகலாகாது எனக் கருதி அவர் பாடியதே முதல் திருமுறையின் 116ஆம் பதிகம்.

முன்செய்த வினைக்கு ஈடாகவே இன்றைய துன்பம் வருகிறது என்பதைச் சம்பந்தர் மறுக்கவில்லை. அதை அறிந்திருந்தும் மீளும் வழியைத் தேடாதிருப்பதையே குறையென்கிறார். ஆகவே பிடியை அறிதல் மட்டும் விடுதலை ஆவதில்லை. அறிவு வழிபாடாகவும் பணியாகவும் மாற வேண்டும். சோலை அமைத்தலும் குளம் தோண்டலும் இருபொழுதும் மலர் கொய்து போற்றலும் இரண்டாம் பாடலில் இடம்பெறுகின்றன. இவ்வுலகம் தப்பியோட வேண்டிய சிறையாயின் அதில் குளம் தோண்டுதற்குப் பொருளில்லை.

மறைப்பும் அருளே

பிற்காலச் சித்தாந்தம் இந்நோக்கிற்குக் கோட்பாட்டு வடிவம் தந்தது. மெய்கண்டார் சிவஞானபோதத்தின் எட்டாம் நூற்பாவில், வேடரிடையே வளர்ந்து தன்னை மறந்தவனுக்கு உயிரை ஒப்பிடுகிறார். ஐம்புலன்களே அவ்வேடர், இறைவனே குருவாய் வந்து உணர்த்துகிறான். தோமாவின் பணிகள் என்னும் சிரியாக் நூலிலுள்ள முத்துப் பாடலிலும் எகிப்தில் தன்னை மறந்துறங்கிய இளவரசனை வீட்டிலிருந்து வந்த மடல் எழுப்புகிறது. உவமை நெருக்கமானது, மறைப்பவர் யார் என்பதிலேயே வேறுபாடு தோன்றுகிறது. சித்தாந்தத்தில் உயிரின் அறிவை மறைக்கும் மூலமலம் ஆணவம். அதனை எவரும் படைக்கவில்லை. மாயை தரும் உடலும் உலகும் இருளில் ஏற்றிய விளக்குப் போல உயிருக்கு ஓரளவு அறிவை விளக்குகின்றன. இறைவனின் ஐந்தொழில்களுள் ஒன்றான மறைத்தலோ, உயிர் வினையை நுகர்ந்து பக்குவம் எய்தும்பொருட்டுத் திரோதான சக்தியால் நிகழும் அருட்செயல்.

முடிவுரை

இரு மரபுகளும் உறக்கம், விழிப்பு என்னும் ஒரே மொழியைப் பேசுகின்றன. எனினும் ஞானவாதம் மறைப்பவனை எதிரியாகக் கண்டு உலகைத் துறக்கிறது. சைவம் மறைப்பையும் அருளாகக் கண்டு உலகில் பணிசெய்கிறது. சொல்லொப்புமையோடு நின்றுவிடும் ஒப்பாய்வு, செங்குன்றூர்ப் பதிகம் வலியுறுத்தும் இச்செயல்நெறியைக் காணத் தவறிவிடும்.