கதவுகளின் நகரம்

வீட்டு வாசலைத் தாண்டுகிறான் ஒருவன். அப்புறம் தெருவைக் காணோம், நரகம் இருக்கிறது! அமெரிக்காவில் 1974-ல் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்ற கற்பனை ஆட்டத்தில் இது சகஜம். அதில் உலகங்கள் பல. அவற்றுக்கெல்லாம் சந்தியாக 1994-ல் டேவிட் குக் அமைத்த நகரம் 'சிகில்'. மோதிரம்போல் வளைந்த ஊர். அண்ணாந்து பார்த்தால் எதிர்ப்புறத்துக் கூரைகள் தெரியும்.

அங்கே எந்த வளைவும், எந்த ஜன்னலும் வேற்றுலக வாயிலாக இருக்கலாம். திறக்கச் சாவி வேண்டும். சாவி என்றால் இரும்பில்தான் என்பதில்லை. எலும்புத் துண்டோ, ஒரு சொல்லோ, வெறும் நினைப்போகூடப் போதும். தெரியாமல் அதைப் பையில் வைத்திருப்பவன் பாடு திண்டாட்டந்தான்!

உடலைக் கிடத்திவிட்டு 'ஆஸ்ட்ரல்' வெளியில் ஆவியாய்ச் செல்லவும் வழியுண்டு. உடலோடு பிணைப்பது ஒரு வெள்ளிக் கயிறு. 'கித்யாங்கி' வீரரின் வெள்ளி வாள் அதை அறுத்துவிட்டால், கிடத்திய உடல் எழுந்திருக்காது.