மெய்ப்பிக்கப்படவில்லை என்றால் இல்லை என்று பொருளா? – கருதுகோள் சோதனையும் ஆம்பூரின் பதவி உயர்வுப் பட்டியலும்

ஆம்பூர் வட்டாரக் காலணித் தொழிற்சாலை ஒன்றில் தலித் தொழிலாளர்களுக்குச் சூப்பர்வைசர் பதவி மறுக்கப்படுகிறது என்ற புகாருக்கு வந்த மறுப்புரையில் ஒரு வரி இருந்தது: "புள்ளியியல் சோதனையின்படி பாகுபாடு ஏதும் இல்லை." எழுதியவர் உளவியல் பட்டம் பெற்ற மனிதவள அலுவலர். அவர் பொய் சொல்லவில்லை. கல்லூரியில் கற்ற சோதனையைச் செய்து, வந்த விடையைக் குறித்திருந்தார். கணக்கில் பிழையில்லை, அதை வாசித்த விதத்தில்தான் பிழை. உளவியல் மாணவர்கள் முதலாண்டிலேயே கற்கும் கருதுகோள் சோதனை நம் மக்களின் வழக்குகளுக்குள் நுழைந்துவிட்டதால், அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை நாமும் அறிந்திருக்க வேண்டியுள்ளது.

சோதனையின் அமைப்பு வழக்கறிஞர்களுக்குப் புதிதன்று. 'வேறுபாடு ஏதுமில்லை, காண்பதெல்லாம் தற்செயலே' என்ற நிலையிலிருந்து அது தொடங்குகிறது. இதற்கு இன்மைக் கருதுகோள் என்று பெயர். குற்றவியல் நீதிமன்றத்தில் எதிரி நிரபராதி என்று கொள்ளப்படுவதைப் போன்றது இது. பிறகு ஒரு கேள்வி: உண்மையிலேயே எல்லாம் தற்செயல் என்றால், கையிலிருக்கும் விவரமோ அதைவிடத் தீவிரமான ஒன்றோ நேர்வதற்கு எவ்வளவு வாய்ப்பு? அந்த வாய்ப்பே பி மதிப்பு. அது 5 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் இன்மைக் கருதுகோளைக் கைவிடுவது வழக்கம். இந்த ஐந்து இயற்கை விதியன்று. ஆங்கிலேயப் புள்ளியியலர் ரொனால்ட் ஃபிஷர் 1925இல் வெளியிட்ட நூலில் வசதியான எல்லை என்று எடுத்துக்கொண்டது, வழக்காக நிலைத்துவிட்டது.

புகாரின் எண்களை இங்கே வெளியிட இயலாது. ஒரு கற்பனைத் தொழிற்சாலையை எடுத்துக்கொள்வோம். ஒரே தகுதியும் ஒரே பணிக்காலமும் உடைய 20 பேர். 10 பேர் தலித்துகள், 10 பேர் பிறர். ஐந்து சூப்பர்வைசர் பணியிடங்கள். ஐந்துக்கும் தலித் அல்லாதவர்களே தேர்வாகின்றனர். இருபது பேரில் ஐவரைத் தேர்ந்தெடுக்க 15,504 வழிகள் உண்டு. அவற்றுள் ஐவரும் தலித் அல்லாதவராக அமையும் வழிகள் 252 மட்டுமே. அதாவது 1.6 விழுக்காடு. சீட்டுக் குலுக்கியிருந்தால் இது நேர்வது அரிது. சோதனை நம் பக்கம் நிற்கிறது.

இப்போது நிர்வாகம் ஒரே ஒரு தலித் தொழிலாளியை உயர்த்துகிறது. நான்கு பேர் பிறர், ஒருவர் தலித். இவ்வளவோ இதைவிட மோசமாகவோ தற்செயலாக அமையும் வழிகள் 2,352. பி மதிப்பு 15 விழுக்காட்டைத் தாண்டிவிடுகிறது. ஒற்றை நியமனம், அறிக்கையில் 'பாகுபாடு இல்லை' என்று எழுதப் போதுமானதாகிவிட்டது! அடையாளத்துக்கு ஒருவரை முன்னால் நிறுத்தும் பழக்கம் நமக்குத் தெரியாததல்ல. அதற்கு இப்படியொரு கணக்குப் பயனும் உண்டு.

இந்தப் பதினைந்துக்கு, நிர்வாகம் நேர்மையாக நடந்திருக்க நூற்றுக்குப் பதினைந்து வாய்ப்பு என்று பொருளில்லை. அது நேர்மையை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு போட்ட கணக்கு. நேர்மையை அளந்த கணக்கு அன்று.

அதே விகிதத்தை இருமடங்கு அளவில் பார்த்தால் நிலைமை விளங்கும். 20 தலித்துகள், 20 பிறர், பத்துப் பணியிடங்கள். தேர்வானோர் எட்டுப் பேர் பிறர், இருவர் தலித். அநீதியின் விகிதம் மாறவில்லை. பி மதிப்போ 3.2 விழுக்காட்டுக்கு இறங்கிவிடுகிறது. சிறிய தொழிற்கூடத்தில் கண்ணுக்குத் தப்பும் பாகுபாடு பெரியதில் அகப்படுகிறது. இருப்பதைக் காணத் தவறுவதைப் பாடநூல்கள் இரண்டாம் வகைப் பிழை என்கின்றன; இல்லாததை இருப்பதாகக் கொள்வது முதல் வகை. ஐந்து விழுக்காட்டு எல்லை முதல் வகைப் பிழைக்கு மட்டுமே காவல் நிற்கிறது. முதல் வகைப் பிழையால் நிர்வாகத்தின் பெயர் கெடும், இரண்டாம் வகையால் தொழிலாளியின் வாழ்நாள் ஊதியம் போகும்.

நம் பக்கத்துக்கும் ஓர் எச்சரிக்கை தேவை. பி மதிப்பு சிறியதாக இருப்பது 'தற்செயல் அன்று' என்பதை மட்டுமே உணர்த்தும். காரணம் சாதிதான் என்று அது சொல்வதில்லை. அனுபவம், பயிற்சி என்று எதிர்த்தரப்பு வேறு காரணங்களைக் கொண்டுவரும். சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007இல் எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லியில் வெளியிட்ட ஆய்வு இதற்கு வழி காட்டியது. செய்தித்தாள்களில் வந்த 548 வேலை விளம்பரங்களுக்கு 66 வாரங்களில் 4,808 விண்ணப்பங்களை அனுப்பினர். ஒத்த தகுதிகள், பெயர் மட்டும் உயர்சாதி இந்து, தலித், முஸ்லிம் என மாறியது. அழைப்பு வருவதற்கும் வராமைக்குமான விகிதம், உயர்சாதிப் பெயருக்கு ஒன்று எனக் கொண்டால், தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. பெயரைத் தவிர வேறு காரணம் சொல்ல இடமில்லாதபடி அமைந்ததும், எண்ணிக்கை பெரியதாக இருந்ததுமே அதன் வலிமை.

இன்மைக் கருதுகோளின் இருக்கையில் யாருடைய கூற்றை அமர்த்துவது என்பது கணிதத்தின் முடிவன்று. சட்டம் அந்த இருக்கையை மாற்றியிருக்கிறது, அதுவும் நம் ஊரின் பெயரிலேயே. வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு, தோல் பதனிடும் தொழிற்சாலைகளால் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு ஆகாமல் போனதைக் குறிப்பிட்டது. அறிவியல் உறுதியின்மையைக் காட்டி நடவடிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது, தம் செயல் சுற்றுச்சூழலுக்குத் தீங்கற்றது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு தொழில் நடத்துபவருடையதே என்று தீர்ப்பளித்தது. 'தீங்கில்லை' என்பது அதுவரை தொடக்கநிலையாக இருந்தது. அன்று முதல் அது மெய்ப்பிக்க வேண்டிய கூற்றாயிற்று.

இதற்கு முன்பே 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் இதே திசையில் சென்றிருக்கிறது. தீண்டாமையின் பேரால் வேலையில் தடை விதிப்பதை அதன் 4ஆம் பிரிவு குற்றமாக்குகிறது. அச்சட்டத்தின்கீழ் குற்றமாகும் செயல் பட்டியல் சாதியினர் ஒருவருக்கு எதிராக நிகழ்ந்திருந்தால், மறுதலையாக மெய்ப்பிக்கப்படும்வரை அது தீண்டாமையின் அடிப்படையில் செய்யப்பட்டது என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்கிறது 12ஆம் பிரிவு. செயல் நிகழ்ந்ததை நாம் காட்டியாக வேண்டும். நோக்கம் வேறு என்பதை அவர்கள் காட்டட்டும்.

ஆகவே இத்தகைய அறிக்கை மேசைக்கு வரும்போது நாம் கேட்க வேண்டியது: எத்தனை பேரை வைத்துச் சோதித்தீர்கள்? அந்த எண்ணிக்கையில், பாகுபாடு உண்மையில் இருந்தால் அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு எவ்வளவு? தொழிற்சங்கத் தோழர்கள் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. கட்டிங், ஸ்டிச்சிங், பேக்கிங் என்று பிரிவுவாரியாக, ஒவ்வோர் ஆண்டும் யார் தகுதி பெற்றிருந்தார்கள், யார் உயர்த்தப்பட்டார்கள் என்பதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஓராண்டின் ஐந்து பணியிடங்களை வைத்துச் சொல்ல முடியாததை ஆறாண்டுகளின் முப்பது பணியிடங்கள் சொல்லக்கூடும்.