செஞ்சோற்றுக்கடனும் ஒரு ஹவில்தாரும்

கும்பகர்ணனா, வீடணனா என்று பட்டிமன்றத் தலைப்பு வைத்தால், நடுவர் தீர்ப்பு எப்படி வந்தாலும் கைதட்டல் கும்பகர்ணனுக்குத்தான். அண்ணன் செய்தது தப்பு என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, அவனுக்காகவே களத்துக்குப் போய்ச் செத்தவன். அறத்தைத் தேடிக் கடல் தாண்டிய தம்பியைவிட, செஞ்சோற்றுக்கடன் தீர்த்த தம்பிமேல்தான் நமக்குப் பாசம். வடக்கே இதையே உப்பு என்பார்கள். தின்ற உப்புக்குத் துரோகம் கூடாது.

அந்த உப்பைத் தின்று வளர்ந்தவர் சந்திர சிங். இன்றைய உத்தராகண்டில், கர்வால் மலையில் பிறந்தவர். சரிவில் படிக்கட்டுபோல வெட்டிய வயல். அதில் விளைவது வீட்டுக்கே போதாது. பையன் பட்டாளத்தில் சேர்ந்தால் மாதம் பிறந்ததும் மணியார்டர் வரும், கடைசியில் பென்ஷன் வரும். 1914-ல் லான்ஸ்டவுன் போய்க் கர்வால் ரைபிள்ஸில் சேர்ந்தார். பிரான்ஸ் போனார், மெசபடோமியா போனார். அந்த முதல் உலகப் போரில் கர்வாலிகள் இருவர் விக்டோரியா கிராஸ் வாங்கினார்கள். 1921-ல் படைப்பிரிவின் பெயருக்கு முன்னால் ‘ராயல்’ ஒட்டிக்கொண்டது. விசுவாசத்துக்கு வெள்ளைக்காரன் கொடுத்த முத்திரை அது.

1930-ல் நாடே உப்பைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது. காந்தி தண்டியில் உப்பு அள்ளிவிட்டார். ராஜாஜியின் கூட்டம் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்துகொண்டிருந்தது. வடமேற்கு எல்லையில் கான் அப்துல் கஃபார் கானின் செஞ்சட்டைக்காரர்கள், துப்பாக்கியைப் பிள்ளைபோல வளர்க்கும் பட்டாணியர்கள், வெறுங்கையோடு தெருவுக்கு வந்திருந்தார்கள். ஏப்ரல் 23 அன்று கான் கைதானார். பெஷாவரின் கிஸ்ஸா கவானி பஜாரில் கூட்டம் திரண்டது. கதைசொல்லிகளின் கடைவீதி என்று அந்தப் பெயருக்கு அர்த்தம். கவச வண்டிகள் கூட்டத்துக்குள் புகுந்தன, ஆட்கள் சக்கரத்தில் நசுங்கினார்கள், துப்பாக்கிச் சூடு தொடங்கியது. செத்தவர்கள் எத்தனை பேர் என்பதில் அரசுக் கணக்கும் ஊர்க் கணக்கும் இன்றுவரை ஒட்டவில்லை.

கர்வாலிகளை அங்கே கொண்டுபோய் நிறுத்தியதில் ஒரு கணக்கு இருந்தது. சிப்பாய்கள் இந்துக்கள், எதிரே நிற்பவர்கள் முஸ்லிம்கள். கை தயங்காது என்று நினைத்தார்கள். சுடச் சொல்லி உத்தரவு வந்தது. ஹவில்தார் சந்திர சிங் குறுக்கே நின்று சுடாதே என்றார். துப்பாக்கிகள் தாழ்ந்தன. மறுநாள் நகருக்குள் போக மாட்டோம் என்று கர்வாலிகளின் இரண்டு பிளாட்டூன்கள் மறுத்துவிட்டன.

அந்த நொடியில் ஏதோ பொறி தட்டி நடந்த காரியம் இல்லை இது. அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதியவர் ராகுல் சாங்கிருத்யாயன். ‘வால்காவிலிருந்து கங்கை வரை’ எழுதிய அதே ராகுல்ஜி. போரிலிருந்து திரும்பிய ஹவில்தாரை ஆரிய சமாஜம் ஈர்த்தது, பிறகு காந்தி ஈர்த்தார். பத்திரிகை படித்தார், பாரக்கில் பேசினார். உத்தரவு வருவதற்கு வெகு முன்பே பதில் மனசுக்குள் தயாராகிவிட்டது.

இதற்குப் பதினோரு வருஷம் முன்பு, ஏப்ரல் 13, 1919, ஜாலியன்வாலாபாக். டயர் கூட்டிப்போன துப்பாக்கிக்காரர்கள் ஐம்பது பேர். சுட்ட குண்டுகள் 1,650. சுட்ட விரல்கள் எல்லாம் இந்தியப் படைச் சிப்பாய்களின் விரல்கள், கூர்க்காக்களும் மற்றவர்களும். டயரைப் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். அந்த ஐம்பது பேரை நாம் கேள்வியே கேட்பதில்லை. அவர்கள் செய்ததும் செஞ்சோற்றுக்கடன்தானே? பட்டிமன்றத்தில் இந்தக் கேள்வியை யாராவது எடுத்தால் கைதட்டல் எந்தப் பக்கம் போகும் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

சந்திர சிங்கைக் காந்தி தூக்கிவைத்துக் கொண்டாடியிருப்பார் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நடந்தது வேறு. 1931 மார்ச்சில் கையெழுத்தான காந்தி–இர்வின் ஒப்பந்தத்தில், உத்தரவை மீறித் தண்டனை பெற்ற ராணுவத்தினருக்கும் போலீசாருக்கும் மன்னிப்பு இல்லை என்று தெளிவாக எழுதியிருந்தது. இதைப் பற்றிப் பிரெஞ்சுப் பத்திரிகையாளர் ஒருவர் கேட்டபோது காந்தி மழுப்பவில்லை. சுட மறுக்கும் சிப்பாய் தான் எடுத்த சத்தியத்தை மீறுகிறான், அது குற்றம் என்றார். நாளை ஆட்சி நம் கைக்கு வரும்போது இதே சிப்பாய்களைக் கொண்டுதானே நடத்த வேண்டும், இன்று மீறச் சொல்லிக் கொடுத்தால் நாளை நமக்கும் அதையே செய்வார்கள் என்பது அவர் வாதம்.

முதலில் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. யோசித்தால், அதை ஒரேயடியாகத் தள்ளவும் முடியவில்லை. துப்பாக்கி வைத்திருப்பவன் தன் மனசுக்குப் பட்டதைத்தான் செய்வேன் என்று கிளம்பினால் என்ன ஆகும் என்பதை அக்கம்பக்கத்து நாடுகளில் பார்த்துவிட்டோம். பிடிக்கவில்லையா, வேலையை விட்டுவிட்டு வா என்பதுதான் காந்தியின் வழி. ஆனால் உத்தரவுக்கும் விசைக்கும் நடுவில் ராஜினாமாக் கடிதம் எழுத எங்கே நேரம்?

சுதந்திர இந்தியாவின் 1950-ம் வருஷ ராணுவச் சட்டம், 41-வது பிரிவில், கீழ்ப்படியாமையைக் கடுமையாகத் தண்டிக்கிறது. பதினான்கு வருஷம் வரை சிறை. அதே பிரிவில் ஒரு சின்ன வார்த்தையும் இருக்கிறது: ‘சட்டபூர்வமான’ உத்தரவு. அப்படியல்லாத உத்தரவை மீறினால் இந்தப் பிரிவு பாயாது. சிப்பாய் அதைத் தீர்மானிக்க வேண்டியது தெருவில், அரை நொடியில். அவன் தீர்மானித்தது சரியா என்று கோர்ட் மார்ஷல் மாதக்கணக்கில் உட்கார்ந்து பார்க்கும்.

மனசாட்சி என்று சொல்லிவிட்டால் எல்லா மறுப்பும் ஒன்றாகிவிடாது. தன் சிப்பாய்கள் வழிபடும் படைப்பிரிவுக் கோயிலின் கருவறைக்குள் வரத் தன் கிறிஸ்தவ நம்பிக்கை இடம் தராது என்று மறுத்த அதிகாரி ஒருவரின் பணிநீக்கத்தை 2025 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது. நவம்பரில் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. அவர் நம்பிக்கையின் நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. தண்டனை அளவுக்கு மீறியது என்றுகூடத் தோன்றுகிறது. ஆனாலும், தன் நம்பிக்கைக்குப் பங்கம் வரக் கூடாது என்று மறுப்பது ஒன்று. எதிரே நிற்கும் முன்பின் தெரியாதவன் சாகக் கூடாது என்று மறுப்பது வேறு. சந்திர சிங் மறுத்தது இரண்டாவது வகை.

மறுத்துவிட்டு அவர் ஓடவில்லை. துப்பாக்கியை அதிகாரிகள் பக்கம் திருப்பவும் இல்லை. அவரும் கூட இருந்த சிப்பாய்களும் ஆயுதத்தை ஒப்படைத்துவிட்டு நின்றார்கள். அபோட்டாபாத்தில் விசாரணை; பாரிஸ்டர் முகுந்தி லால் வாதாடினார். சந்திர சிங்குக்கு ஆயுள் தண்டனை, மற்றவர்களில் பலருக்கு நீண்ட சிறை. பென்ஷன் போயிற்று, சொத்து பறிமுதலாயிற்று. மணியார்டரை நம்பியிருந்த மலைவீடுகளில் அடுத்த மாதம் அடுப்பு எப்படி எரிந்ததோ.

பதினோரு வருஷம் கழித்து 1941-ல் விடுதலை. கர்வாலுக்குள் காலடி வைக்கக் கூடாது என்று தடை போட்டுத்தான் வெளியே விட்டார்கள். ஊரும் இல்லை, பட்டாளமும் இல்லை. அங்கே இங்கே அலைந்துவிட்டு அவர் போய்ச் சேர்ந்த இடம் வார்தா. அவர் செய்தது குற்றம் என்று சொன்ன காந்தியிடம்தான் போனார்; காந்தியும் தங்க இடம் கொடுத்தார்.