இரண்டில் எது? துப்பாக்கி சுடும் ஆர்வலர்களுக்குச் சட்டம் போட்ட கணக்கு

புதுதில்லி: தலைநகரின் தெற்கு எல்லையில், துக்ளகாபாதில் உள்ள டாக்டர் கர்ணி சிங் சுடுதளத்தில் பயிற்சி நேரங்களில் விட்டுவிட்டு ஒலிப்பது 12 போர் துப்பாக்கியின் வெடியோசை. பள்ளத்திலிருந்து சீறி எழும் ஆரஞ்சு நிறத் தட்டு ஒன்று, மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் விலகிப் பறக்கும். அதன் விட்டம் 11 சென்டிமீட்டர்தான். கண் இமைக்கும் நேரத்தில் அதைத் தூளாக்க வேண்டும். இங்கு வருவோர் எல்லோரும் ஒலிம்பிக் கனவுடன் வருபவர்கள் அல்லர். மருத்துவர்கள், வணிகர்கள், ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரிகள் எனப் பொழுதுபோக்குக்காகச் சுடுவோரும் உண்டு. இவர்களுக்கு முன்னால் இன்று நிற்கும் கேள்வி எளிமையானது, விடைதான் கடினம்: சட்டம் அனுமதிக்கும் இரண்டு துப்பாக்கிகளில் எதை வைத்துக்கொள்வது?

ஆயுதச் சட்டம் 1959-இன்படி, தனிநபர் ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வரை வைத்திருக்க முடிந்தது. 2019 டிசம்பரில் அந்த எண்ணிக்கை இரண்டாகக் குறைக்கப்பட்டது. மத்திய அரசு முதலில் கொண்டுவர நினைத்தது இதைவிடக் கடுமையான கட்டுப்பாடு: ஒருவருக்கு ஒரே ஒரு துப்பாக்கி. அதற்கு எழுந்த ஆட்சேபங்களுக்குப் பிறகே இரண்டு என்ற சமரசம் பிறந்தது. டிசம்பர் 9-ஆம் தேதி மக்களவையிலும், மறுநாள் மாநிலங்களவையிலும் நிறைவேறிய மசோதா, 14-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. மூன்றாவது துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்க ஓராண்டு அவகாசம் தரப்பட்டது. உரிமத்தின் காலம் மூன்றாண்டிலிருந்து ஐந்தாண்டாக நீட்டிக்கப்பட்டது மட்டுமே உரிமதாரர்களுக்குக் கிடைத்த ஆறுதல்.

இந்தத் திருத்தத்தின் இலக்கு விளையாட்டு வீரர்கள் அல்ல. திருமண ஊர்வலங்களில் வானை நோக்கிச் சுட்டு உயிர்ப்பலி வாங்கும் வடமாநில வழக்கமும், சட்டவிரோத ஆயுதப் புழக்கமுமே அரசின் கண்ணில் பட்டவை. கொண்டாட்டத்தின்போது பிறர் உயிருக்கு ஆபத்து விளையும்படி சுட்டால் இரண்டாண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்ற பிரிவு அப்போதுதான் சேர்க்கப்பட்டது. உள்துறை அமைச்சகத்தின் கணக்குப்படி, 2016 இறுதியில் நாட்டில் இருந்த சுமார் 33.7 லட்சம் உரிமங்களில் 12.77 லட்சம் உத்தரப் பிரதேசத்தில் மட்டுமே இருந்தன. தமிழகத்தில் சுமார் 22 ஆயிரம்தான். துப்பாக்கி என்பது கௌரவச் சின்னமாகிவிட்ட ஒரு நிலப்பரப்புக்காக எழுதப்பட்ட சட்டம், அதைத் தட்டு உடைக்கும் கருவியாக மட்டும் பார்ப்பவரையும் சேர்த்தே பிடித்தது.

அரசியலும் சுடுதளமும்: இந்த விளையாட்டுக்கும் நாடாளுமன்றத்துக்கும் உள்ள உறவு பழையது. 1951-இல் தேசிய ரைஃபிள் சங்கம் தொடங்கப்பட்டபோது அதன் முதல் தலைவர், மக்களவையின் முதல் தலைவர் ஜி.வி. மாவ்லங்கர். அவர் பெயரில் நடைபெறும் போட்டியே இன்றளவும் தேசியப் போட்டிக்கான படிக்கட்டு. சுடுதளத்துக்குப் பெயர் தந்த பிகானேர் மன்னர் கர்ணி சிங், 1952 முதல் 1977 வரை சுயேச்சையாக மக்களவையில் அமர்ந்தவர். ஐந்து ஒலிம்பிக் போட்டிகளில் பங்கேற்றவர். 1962-இல் கெய்ரோவில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில் வெள்ளி வென்றவர். 2004-இல் ஏதென்ஸில் வெள்ளி வென்ற ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் பின்னாளில் மத்திய விளையாட்டுத் துறை அமைச்சரானார். ஆயுதம் வைத்திருக்கும் உரிமை என்பதே ஒரு காலத்தில் விடுதலை இயக்கத்தின் கோரிக்கைகளில் ஒன்றாக இருந்தது. லிட்டன் பிரபு காலத்து 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்தியரை நிராயுதபாணிகளாக்கியது என்ற கோபத்தின் விளைவாக, 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானத்தில் அந்த உரிமை இடம்பெற்றது. அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் அதை அடிப்படை உரிமையாக்க முயன்றபோது சபை ஏற்கவில்லை. எனவே இந்தியாவில் துப்பாக்கி வைத்திருப்பது உரிமை அன்று. அரசு தரும் அனுமதி.

அந்த அனுமதியிலும் விளையாட்டுத் துப்பாக்கிக்குச் சட்டம் சற்று கனிவு காட்டுகிறது என்பது பலரும் அறியாதது. 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு, 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் கொண்ட ஷாட்கன்னைத் தற்காப்புக்காகவோ விளையாட்டுக்காகவோ கேட்டால், மறுப்பதற்குச் சட்டப்படியான காரணம் இல்லாத நிலையில் அதிகாரி உரிமம் தந்தாக வேண்டும் என்கிறது. அங்கீகரிக்கப்பட்ட ரைஃபிள் கிளப்பின் உறுப்பினர் இலக்குப் பயிற்சிக்காகக் கேட்கும் .22 ரைஃபிளுக்கும் இதே விதிதான். கைத்துப்பாக்கி கேட்பவரோ தமக்கு அது ஏன் தேவை என்று அதிகாரியின் மனம் நிறைவுறும்படி விளக்க வேண்டும். ஏட்டில் உள்ள இந்த வேறுபாடு அலுவலக மேசைகளில் மறைந்துபோவதுண்டு. போலீஸ் விசாரணை, பயிற்சிச் சான்றிதழ், மருத்துவச் சான்றிதழ், பாதுகாப்பான பெட்டகம் பற்றிய உறுதிமொழி என்று கோப்பு தடித்துக்கொண்டே போகும். மாவட்டங்களில் மாஜிஸ்திரேட், தில்லி, சென்னை போன்ற நகரங்களில் காவல் துறை ஆணையரகம் என உரிமம் தரும் அதிகாரம் பிரிந்து கிடக்கிறது.

எந்தத் துப்பாக்கி?: உரிமம் கைக்கு வந்தபின் தொடங்குவது உண்மையான குழப்பம். புதிதாக வருவோர் பெரும்பாலும் தயாரிப்பு நிறுவனத்தின் பெயரைக் கேட்பார்கள். பயிற்சியாளர்கள் முதலில் பார்ப்பது உடலின் அளவை. ஷாட்கன்னில் பின்பக்கக் குறி கிடையாது. சுடுபவரின் கண்தான் அந்தக் குறி. ஆகவே தோளில் பதியும் மரக்கட்டையின் நீளமும், கன்னம் படியும் இடத்தின் உயரமும் அவருக்குப் பொருந்தாவிட்டால், எத்தனை லட்சம் கொடுத்து வாங்கிய இத்தாலியத் துப்பாக்கியும் தட்டுக்கு மேலேயோ கீழேயோதான் சுடும். தையற்காரரிடம் சட்டைக்கு அளவு கொடுப்பதைப் போன்ற காரியம் இது.

அடுத்தது, எந்தப் பிரிவு என்பது. டிராப் போட்டியில் தட்டு சுடுபவரை விட்டு விலகி ஓடுகிறது. அதை எட்டிப் பிடிக்க 30 முதல் 32 அங்குலம் வரை நீளமான குழல் வேண்டும். ஈய ரவைகள் வெகுவாகச் சிதறிவிடாதபடி குழலின் முனை சற்று குறுகியிருக்க வேண்டும். ஸ்கீட் பிரிவில் தட்டுகள் குறுக்கே, அருகில் பறக்கும். அங்கே ரவைகள் விரிந்து பரவுவதே நல்லது. விரைந்து திரும்பும் குட்டைக் குழல் போதும். ஒரே துப்பாக்கியில் முனையை மட்டும் மாற்றி இரண்டுக்கும் பயன்படுத்தலாம் என்றாலும் எடையும் சமநிலையும் எதற்கேனும் ஒன்றுக்குத்தான் சரியாக அமையும். இரண்டுக்கும் தனித்தனியே வாங்கினால் சட்டம் தரும் இரண்டு இடங்களும் நிரம்பிவிடும். வீட்டுப் பாதுகாப்புக்கென்று ஒன்று வைத்திருப்பவர் ஏதாவது ஒரு பிரிவை மறந்துவிட வேண்டியதுதான்.

போட்டிகளில் பெரிதும் பயன்படுவது குழல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த வகை. பெரெட்டா, பெராஸி, கிரீகாஃப் போன்ற பெயர்கள் சுடுதளத்தில் அடிக்கடி காதில் விழும். ஆனால், 1980-களின் நடுப்பகுதியிலிருந்து தனிநபர்கள் விருப்பம்போல் துப்பாக்கி இறக்குமதி செய்ய முடியாது. தேசியப் போட்டிகளில் குறிப்பிட்ட மதிப்பெண் பெற்றுத் தேர்ந்த வீரர் என்ற தகுதியை அடைந்தவர்களுக்கே அந்தக் கதவு திறக்கும். மற்றவர்கள் பழைய வெளிநாட்டுத் துப்பாக்கிகளை உள்நாட்டில் கைமாற்றி வாங்க வேண்டும். அவற்றின் விலை தரத்தைக் காட்டிலும் தட்டுப்பாட்டால் நிர்ணயிக்கப்படுகிறது. அதுவும் இல்லையெனில் உள்நாட்டுத் தயாரிப்பு. அரசின் படைக்கலத் தொழிற்சாலைகளும், மீர் காசிம் ஆயுதசாலை அமைத்த காலந்தொட்டுத் துப்பாக்கிக் கொல்லர்களுக்குப் பெயர்பெற்ற பிகாரின் முங்கேர் நகர உரிமம் பெற்ற பட்டறைகளும் 12 போர் துப்பாக்கிகளைச் செய்கின்றன. உறுதியானவைதான். வயலையும் வீட்டையும் காக்க உருவானவை. ஒரு நாளைக்கு நூறு தட்டுகளைச் சுடுவதற்கு வடிவமைக்கப்பட்டவை அல்ல.

ரைஃபிள்களின் கதை வேறு. ராணுவம் பயன்படுத்திய .303 தனிநபர்களுக்குத் தடைசெய்யப்பட்டது. ஆகவே இந்திய உரிமதாரர்களின் ரைஃபிள் என்றாலே.315 என்றாகிவிட்டது. வேட்டைக் காலத்தின் மிச்சம் அது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வேட்டை முடிவுக்கு வந்தது. ஒலிம்பிக் பிரிவு எதிலும் அந்த ரைஃபிளுக்கு இடமில்லை. பலரின் அலமாரிகளில் ஓர் இடத்தை அடைத்துக்கொண்டு கிடப்பதைத் தவிர அதற்கு வேலையில்லை. இலக்குச் சுடுதலுக்கு வேண்டியது .22 ரைஃபிள். 50 மீட்டர் தூரத்தில் மூன்று நிலைகளில் சுடும் இப்பிரிவில்தான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றார்.

உரிமத்தின் பின்னால் அலைய மனமில்லாதோருக்கு இருக்கும் வழி ஏர் ரைஃபிள். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. போட்டி ரைஃபிளின் ஆற்றல் அதில் பாதியைக்கூட எட்டாது. பத்து மீட்டர் நீளக் கூடம் ஒன்றிருந்தால் போதும் என்பதால் தில்லியிலும் ஹரியாணாவிலும் அடித்தளங்களிலும் மாடிகளிலும் பயிற்சி மையங்கள் பெருகின. 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றதும் இந்த ரைஃபிளால்தான். கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவனும் இதே பிரிவைச் சேர்ந்தவர். ஷாட்கன் இன்னமும் அரச குடும்பங்கள், செல்வந்தர்கள், ராணுவத்தினர் ஆகியோரின் விளையாட்டாகவே பெரிதும் நீடிக்கிறது. பாரிஸில் டிராப் பிரிவில் பங்கேற்ற பிருத்விராஜ் தொண்டைமான் புதுக்கோட்டை அரச குடும்பத்தைச் சேர்ந்தவர் என்பது இங்கே தற்செயல் அன்று.

தோட்டாக் கணக்கு: திருத்தத்தால் எழுந்த கவலையைத் தணிக்க 2020 பிப்ரவரியில் உள்துறை அமைச்சகம் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. ஒரு பிரிவில் தேர்ந்த வீரர் எட்டு, இரண்டில் தேர்ந்தவர் பத்து, அதற்கும் மேல் எனில் பன்னிரண்டு துப்பாக்கிகள் வரை வைத்துக்கொள்ளலாம். வளரும் வீரர்களுக்கு ஒன்றுக்குப் பதில் இரண்டு. இவை, சாதாரணக் குடிமகன் என்ற முறையில் உள்ள இரண்டுக்கு அப்பாற்பட்டவை. பயிற்சிக்கான தோட்டா அளவும் கூட்டப்பட்டது. ஷாட்கன்னுக்கு ஆண்டுக்கு 500 ஆக இருந்தது 5,000 ஆனது; .22-க்கு ஆயிரத்திலிருந்து ஐயாயிரம்.

பெரிய எண்ணாகத் தோன்றும். டிராப் போட்டியில் ஒரு சுற்றுக்கு 25 தட்டுகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு முறை சுடலாம். ஒரு நாளில் நான்கு சுற்று பயிற்சி செய்பவருக்கு, முதல் வெடியிலேயே பெரும்பாலான தட்டுகள் உடைந்தாலும், 130 தோட்டாக்களாவது செலவாகும். 5,000 தோட்டாக்கள் 38 நாள்களுக்கு வரும். பழைய அளவான 500 நான்கு நாள்களுக்குக்கூட வந்திருக்காது. மதிப்பெண் எடுத்தால்தான் சலுகை. பயிற்சி இருந்தால்தான் மதிப்பெண். தோட்டா இருந்தால்தான் பயிற்சி. இந்தச் சுழலுக்குள் நுழையும் இடம்தான் பொழுதுபோக்காகத் தொடங்குவோருக்கு மிகக் குறுகலானது.

போட்டிகளில் கலந்துகொள்ளாத ஆர்வலர், அறிவிக்கையின் எந்தப் படியிலும் இல்லை. தேர்தல் அறிவிக்கப்பட்டால் அவரது துப்பாக்கி காவல் நிலையம் போக நேரிடலாம். தேசிய ரைஃபிள் சங்கத்தில் உறுப்பினராக இருந்து போட்டிகளில் பங்கேற்பவர்களுக்குத் தேர்தல் ஆணையம் விலக்கு அளித்துள்ளது. மற்றவர்கள் விஷயத்தில் மாவட்ட அளவிலான பரிசீலனைக் குழு முடிவெடுக்கும்.

அதிகமாக இடர்ப்படுவோர் வாரிசுகள். உரிமதாரர் இறந்தாலோ, 70 வயதை எட்டினாலோ, 25 ஆண்டுகள் துப்பாக்கியை வைத்திருந்தாலோ, வாரிசுக்கு அதை மாற்றித் தர விதிகள் இடமளிக்கின்றன. ஆனால் வாரிசுரிமையாக வந்தாலும் மொத்தம் இரண்டைத் தாண்டக் கூடாது என்று 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஏற்கெனவே ஒரு டிராப் துப்பாக்கியும் ஒரு .22 ரைஃபிளும் வைத்திருக்கும் மகனுக்குத் தாத்தா காலத்து ஆங்கிலேயத் துப்பாக்கி வந்து சேர்ந்தால், மூன்றில் ஒன்று வெளியேற வேண்டும். அரும்பொருள் வகைக்குள் வரும் சிறு ஆயுதங்களை வைத்திருக்க உரிமம் தேவையில்லை என்று 2020-இல் தளர்த்தப்பட்டது. சுடுவதற்கோ எடுத்துச் செல்வதற்கோ உரிமம் வேண்டும். அந்த வகைக்குள் வராத தாத்தாவின் துப்பாக்கியை, அவர் வாங்கிய விலையை நினைத்துப் பார்க்காமல், வியாபாரியின் அடுக்கில் ஒப்படைத்துவிட்டு ரசீதுடன் திரும்புவதே பலருக்கும் மிஞ்சுகிற வழி.