நாணயம் என்னுஞ் சொல்லும் மறையீட்டு நாணயமும்

நாணயம் என்னுஞ் சொற்குத் தமிழில் இரு பொருள் உண்டு. கையிற் புழங்குங் காசும் நாணயம். வாக்குத் தவறாமையும் நாணயம். கடன் கொடுப்பான் ஒருவன், "அவர் நாணயமானவர்" என்று பிறர் சொல்லக் கேட்டே தன் பையிலுள்ள நாணயத்தை எடுத்துக் கொடுக்கின்றான். இங்ஙனம் பிரிவின்றி நின்ற இரண்டனையும் பிரித்துவிடும் நோக்குடன் தோன்றியதே, கிரிப்டோ என்றும் மறையீட்டு நாணயம் என்றும் இந்நாளில் வழங்கப்படுவது. ஆளின் நாணயத்தை நம்ப வேண்டாத நாணயம் அஃது. விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் பலர் அதனைத் தம் வீட்டாருக்கும் நண்பருக்கும் எடுத்துரைக்கின்றனர். சிலர் அவர்தம் பணத்தை அதில் இடச்செய்தலும் உண்டு. எடுத்துரைத்தல் ஒன்று, இடச்செய்தல் மற்றொன்று. இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டைச் சிறிது ஆராய்வாம்.

திருவண்ணாமலையைச் சுற்றிச் செல்லும் 14 கிலோமீட்டர்க் கிரிவலப் பாதையில், மலையின் மேற்புறத்தே அமைந்தது அடி அண்ணாமலை. கிழக்கே நகரும் பெரிய கோயிலும் இருக்க, அதற்கு நேர் மறுபுறத்தில் அடி அண்ணாமலையார் கோயிலைத் தன்னகத்தே கொண்டு அச்சிற்றூர் விளங்குகின்றது. பௌர்ணமி இரவுகளில் மக்கள் வெள்ளம் அவ்வழியே செல்லும். அங்கிருந்து மேலும் நடந்தால், எட்டு இலிங்கங்களுள் ஏழாவதாகிய குபேர இலிங்கம் தோன்றும். செல்வம் வேண்டுவோர் அவ்விடத்திற் சற்று நீடித்து நிற்பது இயல்பேயாம்.

இவ்வூரில் ஒரு குடும்பத்தை மனத்தில் எண்ணிக்கொள்வோம். பெரியம்மா பாதையோரத்தில் இளநீர்க் கடை வைத்திருக்கின்றார். பெரியப்பா சிறிது நிலத்தில் மணிலாப் பயிர் செய்கின்றார். அவர்களது சேமிப்பு, கழுத்திலும் காதிலும் உள்ள நகை, அஞ்சலகக் கணக்கு, மகளிர் குழுவின் சந்தா, இருபது பேர் சேர்ந்த ஏலச்சீட்டு என நான்காகப் பிரிந்து கிடக்கின்றது. சீட்டுப் பிடிப்பவரைப் பெரியம்மா முப்பது ஆண்டுகளாக அறிவார். அவர் வீட்டுத் திருமணத்திற்குச் சென்றிருக்கின்றார். அவ்வறிமுகமே அவருக்குப் பத்திரம். இக்குடும்பத்துக்குக் கல்லூரியிலிருந்து வந்த தம்பி மகன் ஒருவன், "பெரியம்மா, கிரிப்டோவில் ஐயாயிரம் போடுங்கள்" என்கின்றான் என வைத்துக்கொள்வோம். "அந்தக் காசைக் கையில் எடுத்துக் காட்டப்பா, பார்ப்போம்" என்று அவர் கேட்பார். கேள்வி எளியது; அதற்கு விடையளிப்பதே அரிது.

முதற்கண் விலக்கவேண்டிய மயக்கம் ஒன்றுண்டு. இளநீர்க் கடையில் தொங்கும் கியூஆர் அட்டையின்வழி வருவது ரூபாயேயாம். யூபிஐ என்பது வங்கியிலுள்ள ரூபாயை இடம் மாற்றும் வழி. இந்திய ரிசர்வ் வங்கி 2022 டிசம்பர் 1 அன்று பொதுமக்களிடையே சோதனையாகத் தொடங்கிய இ-ரூபாயும் அரசின் நாணயமே. மறையீட்டு நாணயம் இவ்விரண்டும் அன்று. அதனை வெளியிடும் அரசும் இல்லை, அதற்குப் பிணை நிற்கும் வங்கியும் இல்லை.

ஆயின் அஃது யாது? விடை அப்பெரியம்மாவின் ஊர்க்கோயில் போன்ற பழங்கோயில்களின் சுவரிலேயே உள்ளது என்பது எம் கருத்து. திருவண்ணாமலைக் கோயிலிலும் தமிழ்நாட்டின் ஏனைப் பழங்கோயில்களிலும் சோழர் காலந்தொட்டுப் பொறிக்கப்பட்ட கல்வெட்டுக்கள் பல. இன்னார் ஒரு நந்தாவிளக்கிற்கு இத்துணை ஆடு விட்டார், இன்ன நிலத்தை இன்னார்க்கு விற்றார் என்று அவை கூறும். ஒரு விளக்கிற்கு 90 ஆடு, சில இடங்களில் 96 ஆடு என்பது வழக்கு. "சாவா மூவாப் பேராடு" என்று அவற்றுக்குப் பெயர். அவ்வாடுகள் சுவரில் இல்லை. சுவரில் உள்ளது கணக்கே. கணக்கு வெளிப்படையாக, வருவோர் போவோர் அனைவரும் காணும்படி நின்றமையால், ஆடு பெற்றவன் மறுத்துரைக்க இயலாது போயிற்று.

மறையீட்டு நாணயமும் இத்தகைய ஒரு சுவர்க்கணக்கே. காசு என்று கையில் எடுத்துக் காட்ட யாதும் இல்லை. "இந்த எண்ணிலிருந்து அந்த எண்ணிற்கு இவ்வளவு சென்றது" என்னும் வரிகள் மட்டுமே உள. இவ்வரிகள், பிட்காயினில் ஏறத்தாழப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒரு கற்படையாகத் திரட்டப்பட்டு, முன்னுள்ள கற்படையின்மேல் ஏற்றப்படுகின்றன. ஒவ்வொரு படையிலும் அதற்குக் கீழுள்ள படையினின்று கணித்தெடுத்த முத்திரை எண் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். கீழேயுள்ள ஒரு கல்லில் ஓரெழுத்தை மாற்றினால் அதன் முத்திரை மாறும்; அதன் மேலுள்ள படைகள் அனைத்தும் பொருந்தாமற்போம். இதனையே பிளாக்செயின் என்பர். மேலும் இச்சுவர் ஓரூரில் மட்டும் இல்லை. உலகெங்கும் பல்லாயிரம் கணினிகளில் ஒன்றுபோல் நிற்கின்றது. படி பல இருத்தலின் பயனை நம் முன்னோரும் அறிவர்: திருமழபாடிக் கோயிலின் நடுத்தளியைப் பிரித்துக் கட்ட இராசராச சோழன் பணித்தபோது, பழங் கல்வெட்டுக்கள் முன்னரே ஏட்டிற் படியெடுக்கப்பட்டன, அவை இராசேந்திரன் காலத்தில் மீளவும் கல்லிற் பொறிக்கப்பட்டன.

ஒப்புமை ஓரிடத்தில் நின்றுவிடுகின்றது, அதனையும் சொல்லவேண்டும். கல்வெட்டில் கொடுத்தோன் பெயரும் ஊரும் உண்டு. கணினிச் சுவரிலோ நீண்ட எண் ஒன்றே உண்டு. அவ்வெண்ணுக்குரிய மறைதிறவு எவனிடம் உளதோ அவனே உரியவன்; அவன் திருடனாயினும் சுவர் அதனை வினவாது.

இம்முறையினை வகுத்தவர் சதோஷி நாகமோட்டோ என்னும் புனைபெயருடையார். 2008 அக்டோபர் 31 அன்று அவரது சிறு கட்டுரை வெளிவந்தது. 2009 ஜனவரி 3 அன்று பிட்காயினின் முதற் கற்படை அமைந்தது. உலகப் பெருவங்கிகள் சரிந்த காலம் அது என்பதை நினைவிற் கொள்ளல்வேண்டும். பிட்காயினின் மொத்த அளவு 2 கோடியே 10 இலட்சத்துக்கு மேற்போகாது என்பது விதி. கற்படை அமைப்போர்க்குப் பரிசாகப் புதுக்காசு பிறக்கின்றது. தொடக்கத்திற் படைக்கு 50 ஆக இருந்த பரிசு ஏறத்தாழ நான்காண்டுக்கு ஒருமுறை பாதியாகி, 2024 ஏப்ரலில் 3.125 ஆயிற்று. இவ்விதிகளை மாற்ற எந்த அமைச்சராலும் ஆகாது. ஆளை நம்பவேண்டா, கணக்கை நம்புக என்பதே இதன் உயிர்க்கொள்கை.

நிற்க. இத்துணை நுட்பமாக ஆளை நீக்கிக் கட்டிய நாணயம், அடி அண்ணாமலை போன்ற ஊர்க்குள் எவ்வழி நுழைகின்றது? ஆளின் தோள்மீது ஏறியே நுழைகின்றது! பெரியம்மா முத்திரை எண்ணைச் சரிபார்த்துப் பணம் இடப்போவதில்லை. "நம் பிள்ளை சொல்லுகின்றான்" என்றே இடுவார். கணக்கின்மேல் வைக்கவேண்டிய நம்பிக்கை முழுதும் பிள்ளைமேல் வைக்கப்படுகின்றது. பிள்ளை இங்குத் தன்னை அறியாமலே பிணை நிற்கின்றான். விலை வீழ்ந்தாற் சீட்டுக்காரரிடம் போய்க் கேட்பதுபோல அவனிடமே கேட்பார்கள். அல்லது கேளாமலே மனம் வருந்துவார்கள். பின்னது இன்னுங் கொடிது.

இவ்வியல்பை நன்கறிந்தோர் வஞ்சகரே. ஒன்காயின் என்னும் பெயரில் 2014 முதற் பல்கேரியாவிலிருந்து பரவிய திட்டத்தை நோக்குக. அதற்கு உண்மையான தொடரேடே இல்லை. சுவரே இல்லாத கல்வெட்டு! ஆயினும் உலகெங்கும் 400 கோடி டாலருக்கு மேல் திரண்டது. எவ்வாறெனின், ஒவ்வொருவரும் தம் உறவினரையும் நண்பரையும் சேர்த்துவிட, சேர்த்தமைக்குப் பங்கு பெற்றனர். நவி மும்பையில் 2017 ஏப்ரலில் அதற்கு ஆள் சேர்க்கும் கூட்டத்தில் இருந்தோரைக் காவலர் கைது செய்தனர். அதனைத் தோற்றுவித்த ருஜா இக்னதோவா 2017 அக்டோபரில் மறைந்தார். அவருடன் நின்று நடத்திய கார்ல் கிரீன்வுட்டிற்கு 2023 செப்டம்பரில் நியூயார்க் நீதிமன்றம் 20 ஆண்டுச் சிறை விதித்தது.

இவையெல்லாம் தொலைநாட்டுச் செய்தி எனல் ஆகாது. கிரிப்டோ அன்றாயினும் அதே வழியிற் சென்றது ஆருத்ரா கோல்டு டிரேடிங் வழக்கு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு வடமாவட்டங்களிற் பரவிய அந்நிறுவனம், திங்களுக்கு நூற்றுக்கு 25 முதல் 30 வரை தருவதாகக் கூறி, ஏறத்தாழ ஓரிலட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் பெற்றது என்பது பொருளாதாரக் குற்றப்பிரிவினர் 2022 முதல் நடத்திய வழக்கின் கூற்று. திங்களுக்கு 30 என்பதை ஒரு மாணவன் கணக்கிட்டுப் பார்த்தாற் போதும்: வட்டியை முதலோடு சேர்த்துவந்தால் ஓரிலட்சம் ஓராண்டில் 23 இலட்சத்தைத் தாண்டும். பள்ளிக் கணக்கே இது. கணக்குத் தெரியாமையால் மக்கள் ஏமாறுவதில்லை. "மாமா போட்டார், மாதாமாதம் வந்ததே" என்னும் ஒரு சொல், கணக்கை வாய்மூடச் செய்துவிடுகின்றது.

ஆகலின் உறவினரிடம் இந்நாணயம் குறித்துப் பேசப்புகுவோன் தன்னையே முதலில் வினவவேண்டியது ஒன்றுண்டு: அவர் சேர்ந்தால் எனக்கு ஏதேனும் வருமா? பரிமாற்றச் செயலிகள் பல, நண்பரைச் சேர்த்தால் இத்துணை பரிசு என்று ஆசை காட்டுகின்றன. அப்பரிசு சிறிதாயினும், அதனைப் பெறுவோன் அறிவுரை கூறும் பிள்ளை என்னும் நிலையினின்று தரகன் என்னும் நிலைக்கு இறங்கிவிடுகின்றான். ஆள் சேர்த்தலையே ஊதியமாகக் கொண்ட திட்டமாயின் அது சட்டத்தோடும் மோதும். பணச்சுழற்சித் திட்டங்களைத் தடைசெய்யும் மத்திய அரசுச் சட்டம் 1978 ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. நடத்துவோன் மட்டுமன்றி, ஆள் சேர்ப்போனும் அதன்கீழ்க் குற்றவாளியாகலாம்.

அடுத்து, இழப்பை இலாபத்திற்கு முன் சொல்லவேண்டும். ஒரு பிட்காயின் 2021 நவம்பரில் ஏறக்குறைய 69,000 டாலர் விலை போயிற்று. ஓராண்டு கழித்து 2022 நவம்பரில் 16,000 டாலருக்குங் கீழே வீழ்ந்தது. அதாவது, ஐயாயிரம் இட்ட பெரியம்மாவின் கையில் ஆயிரத்து இருநூறு அளவே நின்றிருக்கும். பின்னர் 2024 டிசம்பரில் அது ஓரிலட்சம் டாலரைத் தாண்டியது மெய்யே. ஆயினும் மகள் திருமணத்திற்கோ மணிலா விதைக்கோ இடையிற் பணம் வேண்டியவர் அதுவரை காத்திருக்க மாட்டார். செல்வர்க்கு ஏற்றத்தாழ்வாகத் தோன்றுவது எளியவர்க்கு முற்றிழப்பாய் முடிவது இவ்வாறே.

வரியும் உண்டு. 2022 ஏப்ரல் 1 முதல் இத்தகைய சொத்தின் ஆதாயத்துக்கு நூற்றுக்கு 30 வருமானவரி. அவ்வாண்டு ஜூலை 1 முதல் விற்பனைத் தொகையில் நூற்றுக்கு ஒன்று முன்னரே பிடிக்கப்படும். ஒரு காசில் பதினாயிரம் இலாபமும் மற்றொன்றிற் பதினாயிரம் நட்டமும் வந்தால், ஒன்றுமில்லை என்று கைவிரித்தல் கூடாது. நட்டத்தைக் கழியாமல் இலாபத்துக்கு மூவாயிரமும் மேல்வரியும் கட்டவேண்டும். இதனைச் சொல்லாமல் ஒருவரைச் சேர்த்துவிடுதல் முறையாகாது.

சட்டத்தில் இதன் நிலை யாதெனக் கேட்போரும் உளர். இது செலாவணிப் பணம் அன்று. கடைக்காரர் இதனை வாங்க மறுக்கலாம். ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் வங்கிகளுக்கு விதித்த தடையை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 4 அன்று நீக்கிற்று. வாசிர்எக்ஸ் என்னும் பரிமாற்ற நிலையத்தினின்று 2024 ஜூலை 18 அன்று ஏறத்தாழ 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் களவாடப்பட்டன. அதிற் கணக்கு வைத்திருந்தோர் தம் பொருளை எடுக்க இயலாது நெடுநாள் தவித்தனர். அவருள் ஒருவர் தொடுத்த வழக்கில், 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், மறையீட்டு நாணயம் ஒரு சொத்தே என்று தீர்ப்புரைத்தார். சொத்தென ஏற்கப்பட்டமை நன்றே. ஆயினும் தம் சொத்தைப் பெற உயர் நீதிமன்றம்வரை செல்லுதல் அடி அண்ணாமலைக் குடும்பத்துக்கு எளிதன்று.

இத்தனையும் கேட்டபின் பெரியம்மா, "எனக்கு வேண்டாம்" என்றால், எடுத்துரைத்தவன் தோற்றானல்லன். அவர் பொருளை அறிந்தே மறுத்தார். "சிறிது போட்டுப் பார்க்கலாமே" என்றால், போனாலும் சமையலுக்குக் குறைவு வாராத தொகை எது என்பதை அவரே சொல்லட்டும், அவன் சொல்லலாகாது. கடன் வாங்கியோ நகையை அடகுவைத்தோ இடவிடுதல் எவ்வாற்றானுந் தகாது. கணக்கு அவர் பெயரிலேயே இருத்தல் வேண்டும், மருமகன் கைபேசியில் அன்று.

எஞ்சுவது மறைதிறவு. பரிமாற்ற நிலையத்தில் வையாது தாமே காத்துக்கொள்வோர்க்கு அது பன்னிரண்டு அல்லது இருபத்துநான்கு ஆங்கிலச் சொற்களாகத் தரப்படும். அச்சொற்களை அறிந்தவன் எவனும் பணத்தை எடுத்துக்கொள்ளலாம். அறிந்தவர் எவரும் இல்லையேல் ஒருவரும் எடுக்கலாகாது. பெரியப்பா ஒருவேளை இங்கே தலையிட்டு, "நாங்கள் இல்லாத காலத்தில் இதை யாரப்பா எடுப்பது?" என்பார். பட்டாவும் கிரயப்பத்திரமும் உள்ள இரும்புப் பெட்டியில் அச்சொற்களையும் தாளில் எழுதி வைக்கவேண்டும் என்றும், வீட்டில் மற்றொருவர் அத்தாள் இருக்குமிடத்தை அறிந்திருக்கவேண்டும் என்றும், கைபேசியில் அதனைப் படம்பிடித்து வைத்தல் கூடாதென்றும் அப்போது சொல்லிவிடுதல் வேண்டும். பட்டா தொலைந்தால் வட்டாட்சியர் அலுவலகத்தில் நகல் கேட்கலாம். இச்சொற்கள் தொலைந்தால் நகல் தரும் அலுவலகம் யாண்டும் இல்லை.