ஐந்நூறு தலை வாங்கிய ரோடு!

ஆபீஸில் புதுசாகச் சேர்ந்த தம்பி கேட்டான்: "சார், உங்க ஊருக்கு எப்படிப் போறது?"

"போறது ஈஸி. திரும்பி வர்றதுதான் கஷ்டம்!" என்றேன். சிரித்தான். ஜோக் இல்லை சார், ரொம்ப வருஷத்துக்கு எங்க ஊர் டைம்-டேபிளே அதுதான்.

கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காடு. மெயின் ரோட்டில் கண்டக்டர் எங்க ஊர் பேரைக்கூடச் சொல்ல மாட்டார். "புளியமரம் எல்லாம் இறங்கு!" என்பார். அங்கிருந்து இரண்டரை கிலோமீட்டர் மண் பாதை. மழை பெய்தால் செருப்பில் மண் அப்பி, ஊர் போய்ச் சேர்வதற்குள் அரை அடி வளர்ந்திருப்போம்! அப்படி ஒரு மழை ராத்திரியில், வலி எடுத்த எங்க சித்தியைக் கயிற்றுக் கட்டிலில் வைத்து நாலு பேர் தூக்கிப் போனது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. (தாயும் சேயும் நலம். அந்தச் சேய் இப்போது திருப்பூரில். அந்தக் கதை அப்புறம்.)

2000 டிசம்பர் 25-ல் பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் ஆரம்பமானது. சமவெளியில் 500 பேரும் அதற்கு மேலும் வசிக்கிற குடியிருப்புக்கு எந்த மழையையும் தாங்குகிற ரோடு. மலை, பாலைவனம், பழங்குடிப் பகுதி என்றால் 250 பேர் போதும். கணக்கு 2001 சென்சஸ்படி.

எங்க ஊர் 500-க்குக் கொஞ்சம் குறைச்சல்!

டீக்கடையில் அவசர மகாநாடு. "போன வருஷம் செத்தவங்களைச் சேர்த்துக்க முடியாதா?" என்று பெரியப்பா சீரியஸாகவே கேட்டார். குறைந்த தலைகளில் ஒன்று என்னுடையது. கணக்கெடுக்க வந்த வாத்தியாரிடம் அம்மா என் பெயரையும் சொல்லியிருக்கிறாள். "உங்க மகன் மெட்ராஸ்லல்லா இருக்கான்? அங்க எழுதிக்கிடுவாங்க" என்று விட்டுவிட்டார் மனுஷன்.

அப்போதுதான் விஷயம் தெரிந்த மாமா ஒருத்தர் ஒரு விதியைத் தோண்டி எடுத்தார். 500 மீட்டர் வட்டத்துக்குள் இருக்கிற குடியிருப்புகளின் ஜனத்தொகையைச் சேர்த்துக் காட்டலாமாம்!

டீக்கடை கப்சிப். வட்டத்துக்குள் இருந்தது பக்கத்து ஊர். கோயில் கொடையில் முதல் மரியாதை யாருக்கு என்று மூன்று தலைமுறையாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

"அவங்ககிட்ட தலை கேட்டா குடுப்பாங்களா? எடுப்பாங்க!" என்றார் பெரியப்பா.

கடைசியில் அவரே போனார். அந்த ஊரிலும் கயிற்றுக் கட்டில் தூக்கிய தோள்கள் இருந்தன. இரண்டு ஊரும் ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டது. ரோடு வந்தது. பின்னாலேயே டவுன் பஸ், தினம் மூன்று தடவை. முதல் நாள் டிரைவருக்கு மாலை, டயருக்கு எலுமிச்சம்பழம். முதல் மரியாதை பஸ்ஸுக்குத்தான், சண்டையே இல்லை!

இனிமேல்தான் கதை. நான் நடந்து ஊரை விட்டவன். எனக்குப் பின்னால் வந்த செட் பஸ் ஏறிப் போயிற்று. முதலில் காலேஜுக்கு, சாயங்காலம் திரும்பினார்கள். அப்புறம் திருப்பூருக்கு, பொங்கலுக்குத் திரும்பினார்கள். 500 தலை கேட்டு வந்த ரோடு, ஒவ்வொரு தலையாகத் திருப்பி எடுத்துக்கொண்டது. ரோட்டைக் குற்றம் சொல்லலாமா? அது இல்லாவிட்டால் சித்தி மகன் படித்தே இருக்க மாட்டான்.

2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அம்மா காலை வண்டியில் மருந்து வாங்கப் போகிறாள். மத்தியான வண்டியில் திரும்பலாம் என்றால், 'ஆள் ஏறவில்லை' என்று அதை நிறுத்திவிட்டார்கள். சாயங்காலம் வரை பஸ் ஸ்டாண்ட் பெஞ்ச்தான்.

2021 சென்சஸ் கொரோனாவால் தள்ளிப்போனது. அடுத்ததற்கு 2027 மார்ச் 1 என்று நாள் குறித்தார்கள். விஷயம் எப்படியோ அம்மா காதுக்கு எட்டிவிட்டது. ராத்திரி போன்.

"எண்ண வர்றப்போ பத்து நாள் லீவு போட்டுட்டு வந்துருப்பா. நாலு தலை கூடுனா மத்தியான பஸ்ஸைத் திரும்ப விடுவாங்கல்லா?"

அப்படியெல்லாம் விடமாட்டார்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. "சரிம்மா" என்றேன்.

லீவு லெட்டரில் என்ன காரணம் எழுதுவது சார்? 'ஊருக்குத் தலை கொடுக்க' என்று எழுதினால் மேனேஜர் சாங்ஷன் பண்ணுவாரா?